சூட்டு வலி

சென்னை
18-8-1985

அன்புள்ள அக்காவுக்கு,

ராசிபுரத்திலிருந்து அம்மா எழுதிய கார்டு நேற்று வந்தது. நீ மறுபடி உண்டாகியிருப்பதைக் கடைசி வரியில், இடம் போதாமல் நெருக்கி எழுதியிருந்தார். நீயே எழுதியிருக்கலாம் என்று தோன்றியது. ஏன் எழுதவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதைக் கிளற இந்தக் கடிதம் எழுதவில்லை.

இரண்டு முறை ஏழாம் மாதத்தில் நடந்தது மூன்றாம் முறையும் நடக்கக் கூடாது. இங்கே நான் ஆராய்ச்சி செய்வதே இதைப் பற்றித்தான் என்று அம்மா உன்னிடம் சொன்னாரா? கருப்பை ஒரு தசை. அது இறுகும்போது அதற்குள் மிகச் சிறிய மின்சாரம் ஓடுகிறது. வயிற்றின் மேல் உலோக வில்லைகளை ஒட்டி அந்த மின்சாரத்தை எடுத்து, அது வெறும் இறுக்கமா, பிரசவ வலியின் தொடக்கமா என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறோம். ஊசியில்லை, மருந்தில்லை. ஒரு பெரிய பிரசவ ஆஸ்பத்திரியில் வாரத்தில் சில நாள் எங்களை அனுமதிக்கிறார்கள்.

ஆறாம் மாதம் இங்கே வந்துவிடு அக்கா. என்னோடு படிப்பவரின் வீட்டு மாடி காலியாக இருக்கிறது. அம்மாவும் வருவார். பிரசவம்வரை டாக்டர்கள் கண்ணெதிரில் இருக்கலாம்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

உன் தம்பி
பாணி


வெண்ணந்தூர்
29-8-1985

தம்பி தண்டாயுதபாணிக்கு அக்கா சாரதாமணி எழுதுவது.

திட்டியாவது எழுது என்றாய். எழுதுகிறேன்.

போன வருஷம் சேலத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் முன்னால், என்னைக் கட்டிய உன் மாமாவைப் பார்த்து என்ன கேட்டாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். “காலையிலயே வலி வந்திருக்குது. சாயங்காலம் வரைக்கும் தறி ஓட்டிக்கிட்டு இருந்தீங்களா?” அவர் கையில் என் சேலைப் பையோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே கட்டிலில் இருந்த எனக்கு அது கேட்டது. வீடு திரும்பிய பிறகு ஒரே ஒரு தரம் சொன்னார்: “உன்ற தம்பி இனிமே இந்த ஊட்டுக்கு வர வேண்டாம்.” அதற்கப்புறம் உன் பேச்சையே எடுக்கவில்லை.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது வலி என்று இரண்டு தரம் ஒரு நர்ஸிங் ஹோமுக்குப் போனோம். இரண்டு தரமும், “சூட்டு வலிம்மா, சீரகத் தண்ணி குடிச்சிட்டுப் படு” என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு நர்ஸ் சிரிக்கக்கூடச் செய்தாள். மூன்றாம் தரம் போகும்போது எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த பிள்ளைக்கு வலி வந்தபோது, மறுபடி சிரிப்பார்களே என்று நான் வாயைத் திறக்கவில்லை. மதியம் தறிப் பட்டறையில் இருந்த மாமாவுக்குச் சோறு கொண்டுபோனேன். “ஏன் மூஞ்சி வெளுத்துக் கெடக்குது?” என்று கேட்டார். வெயில் என்றேன். அவர் மேல் என்ன தப்பு?

சென்னைக்கு வர மாட்டேன். இந்த வீட்டை விட்டு வந்தால் நீ சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். இப்போது சேலத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டுகிறோம். நல்ல மாதிரி.

சில நேரம் வயிறு கல் மாதிரி ஆகிறது. கொஞ்ச நேரத்தில் இளகிவிடுகிறது. வலி இல்லை. இதெல்லாம் உன் மிஷினுக்குத் தெரியுமா?

சாரதாமணி


சென்னை
6-9-1985

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று கல்லூரிக்குப் போகவில்லை. மாமாவிடம் நான் கேட்டது தவறு. அதை உன்னிடம் சொல்வதில் பயனில்லை, அவரிடம் சொல்ல வேண்டும். அவர் எப்போது சம்மதிக்கிறாரோ அப்போது சொல்கிறேன்.

வயிறு கல்போல ஆவது தெரியுமா என்று கேட்டாய். அதுதான் தெரியும், அது மட்டும்தான் தெரியும். நீ இங்கே வரவில்லையென்றால் மிஷினை அங்கே அனுப்பலாமா என்று யோசித்தேன். டார்ச் செல்லில் ஓடும் சிறு பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். வயிற்றில் எழும் அலை மிகவும் மெதுவானது. சாதாரண டேப் ரிக்கார்டரால் அதை அப்படியே பிடிக்க முடியாது. அதனால் அலை ஏறும்போது கீச்சென்றும், இறங்கும்போது தணிந்தும் ஒலிக்கும் சத்தமாக அதை இந்தப் பெட்டி மாற்றும். நீ அந்தச் சத்தத்தை, செல்லில் ஓடும் உங்கள் வீட்டு டேப் ரிக்கார்டரில் பதிந்து, டேப்பைத் தபாலில் அனுப்பினால், இங்கே மறுபடி அலையாக மாற்றிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பேன்.

சேலத்து டாக்டரம்மாவுக்கும் தனியாக எழுதுகிறேன். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதே. உனக்குச் சந்தேகம் வந்தால் டேப்புக்கும் காத்திருக்காதே, எனக்கும் காத்திருக்காதே. டாக்டரிடம் போ. பெட்டி தீர்ப்புச் சொல்லாது. நான் செய்த பெட்டி, எனக்குத் தெரியும்.

பாணி


வெண்ணந்தூர்
24-9-1985

தம்பிக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. டாக்டரம்மா உன் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, “கெடுதல் ஒண்ணும் இல்ல, செய்யுங்க. ஆனா மாசா மாசம் வர்றதுக்குப் பதிலா வாராவாரம் வரணும்” என்று சொல்லிவிட்டார்.

பெட்டி போடும் சத்தத்தைக் கேட்டு என் மாமியார் பயந்துவிட்டார். “ஏனுங்க சாமி, வவுத்துக்குள்ள இருந்தா இப்படிக் கத்துது?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்ததும் சத்தம் தாறுமாறாக ஏறி இறங்கியது. அதைக் கேட்டு அவர் இன்னும் பயந்தார்.

மாமா முதல் நாள் பெட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அறைக்கு வெளியே உட்கார்ந்து தறியில் குறுக்கே ஓடும் நாடாக்கட்டையைச் சீவிக்கொண்டிருந்தார். நான் குனிந்து ஒயர் ஒட்ட முடியாமல் திண்டாடினேன். வயிறு மறைக்கிறது, கைக்கு எட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “கீழ ஒட்டுனது களண்டிருக்குது” என்று அங்கிருந்தே சொன்னார். எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு அவரே ஒட்டினார். நீ படம் போட்டு அனுப்பிய தாளைப் பார்த்துத்தான் ஒட்டினார். ஆனால் உன் பெயரைச் சொல்லவில்லை.

டேப் இத்துடன் வருகிறது.

அக்கா


சென்னை
1-10-1985

அன்புள்ள அக்காவுக்கு,

டேப் பத்திரமாக வந்தது. கம்ப்யூட்டரில் என் முறை வரும்வரை காத்திருந்து போட்டுப் பார்த்தேன். உன் வயிறு தெரியவில்லை. தறிதான் தெரிந்தது.

பட்டறை மோட்டார்களும் ஒயர்களும் வீசும் மின்சார இரைச்சல், உன் வயிற்றின் மின்சாரத்தைவிடப் பல மடங்கு பெரியது. அது உன் உடம்பில் ஏறி, பெட்டியையே திணறடித்துவிட்டது. வடிகட்ட வடிகட்ட எல்லாமே போய்விடுகிறது. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பதுபோல.

பெட்டியின் உள்ளே ஒரு பாகத்தை மாற்ற வேண்டும், அதற்கு நாளாகும். அதுவரை, தறி நிற்கும் நேரத்தில் பதிய முடியுமா? ஓடுகிற தறியை நிறுத்தச் சொல்வது சின்ன விஷயமில்லை என்று தெரியும். நான் கேட்டதாக மாமாவிடம் சொல்ல வேண்டாம்.

பாணி


வெண்ணந்தூர்
9-10-1985

தம்பிக்கு,

நீ கேட்டாய் என்றே மாமாவிடம் சொன்னேன். இந்த வீட்டில் இனி எதையும் ஒளிப்பதாக இல்லை.

அவர் எழுந்து பட்டறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் எங்கள் தறிகள் நின்றன. ஆனால் பக்கத்துப் பட்டறை, எதிர்ப் பட்டறை எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அதை எப்படி நிறுத்துவது? அப்புறம் அவரே, “மத்தியானம் கரண்டு போகுமில்ல, அப்பப் பாத்துக்கலாம்” என்றார். இப்போது வாரத்தில் சில நாள் மதியத்தில் கரண்டை நிறுத்துகிறார்கள். ஊரே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டில் மட்டும் கரண்டு எப்போது போகும் என்று காத்திருந்தோம். போனதும் மாமா ஓடி வந்தார். பட்டறையில் நூல் சுற்றும் செல்லாயி வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, “கரண்டு போனதுக்கு இப்படிச் சந்தோசப்படற ஊட்ட இப்பத்தானுங்க பாக்கறேன்” என்றாள்.

தறிச் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் இல்லாத வீட்டில் அந்தப் பெட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. வயிறு இறுகியபோது சத்தம் நடுங்கியது. மாமா என் முகத்தைப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை.

இரண்டு டேப் அனுப்புகிறேன்.

அக்கா

தம்பிக்கு, ஒயர் ஒட்டியது நான்தான். தொப்புளுக்குக் கீழே இருப்பது வியர்வையில் நிற்கவில்லை, மேலே பிளாஸ்டர் போட்டேன். அது சரியா என்று எழுதவும். வெங்கடாசலம்.


சென்னை
15-10-1985

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

பிளாஸ்டர் போட்டது மிகவும் சரி. இங்கே ஆஸ்பத்திரியில் நான் ஒட்டுவதைவிட நன்றாக நின்றிருக்கிறது. இனி நானும் அப்படியே ஒட்டுவேன்.

அலை தெரிந்தது! முதலில் தட்டையாக ஒரு கோடு. பிறகு தூறல் விழுவதுபோலச் சிறு அசைவுகள். அவை கூடிக்கொண்டே போய், சற்று நேரம் நின்று, மெல்ல அடங்குகின்றன. அதன் மேல் உன் இதயத்துடிப்பும் மூச்சும் இருந்தன, அவற்றைக் கழித்துவிட்டேன். என் பேராசிரியரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். அவர் போன பிறகுதான், இது ஏதோ ஒரு டேப் இல்லை, என் அக்கா படுத்திருந்த ஒரு மதியம் என்று உறைத்தது.

இதில் என்ன பார்க்கிறோம் என்று மாமா கேட்பார். மோட்டார் வெறுமனே ஓடும்போது ஒரு சத்தம், நூலேற்றித் தறி நெய்யும்போது வேறு சத்தம் இல்லையா? இதுவும் அப்படித்தான். கருப்பை சும்மா இறுகிப் பார்க்கும்போது மெதுவான அலைகளே அதிகம். தள்ளும் வேலையில் இறங்கும்போது வேகமான அலைகள் கூடுகின்றன என்று எங்கள் எண்ணம். எண்ணம்தான், முடிவாகச் சொல்ல முடியாது. உன்னுடையது இப்போது மெதுவாகத்தான் இருக்கிறது.

பாணி


வெண்ணந்தூர்
18-10-1985

தம்பிக்கு,

ஏழாம் மாதம் நடக்கிறது. வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. மாமியார் தண்ணீர்க் குடத்தைத் தொட விடுவதில்லை. மாமா தறியில் இருந்துகொண்டே அடிக்கடி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

திங்கட்கிழமை இடுப்பு வலித்தது. இந்தத் தடவை மறைக்கவில்லை, சொன்னேன். சேலம் போனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். “எதுக்குக் குனியற? சும்மா வந்து பாத்துட்டுப் போறது எனக்குச் சந்தோசம். நாளைக்கும் வலிச்சா நாளைக்கும் வா” என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மல்லூர் தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தேன். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புது டேப் அனுப்பியிருக்கிறேன். நேற்றுக் கரண்டு போனபோது எடுத்தது. எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. முதுகு மட்டும் கனமாக இருக்கிறது.

அக்கா


தந்தி
சென்னை, 21-10-1985

டேப்பில் மாற்றம் தெரிகிறது. வலி இல்லாவிட்டாலும் உடனே டாக்டரிடம் செல்லவும். பாணி.


சேலம், ஆஸ்பத்திரி
26-10-1985

தம்பிக்கு,

படுத்துக்கொண்டே எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். என் கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். தலை பள்ளத்தில், கால் மேட்டில்.

தந்தி வந்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாமா வாங்கிப் படித்தார். பட்டறைக்குப் போய்ச் சொல்லக்கூட இல்லை. “கெளம்பு” என்றார்.

“வலியே இல்லீங்களே. சூட்டு வலிகூட இல்லீங்க. போயி என்னன்னு சொல்றது?” என்றேன்.

“ஒண்ணுமில்லைன்னா திரும்பி வந்துக்கலாம். பஸ்ஸு ஓடிக்கிட்டுத்தான இருக்குது?” என்றார். அந்த ஒரு வார்த்தையை முதல் பிள்ளையின்போது யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. வாடகைக் கார் பிடித்தார்.

டாக்டரம்மா தந்தியைப் பார்த்து, “தந்திய நம்பியெல்லாம் நான் பெட்டு குடுக்க மாட்டேன்” என்றார். ஆனாலும் உள்ளே கூட்டிப்போய்ச் சோதித்தார். வெளியே வந்து மாமாவிடம், “கருப்பை வாய் திறக்க ஆரம்பிச்சிருக்குது. நல்ல வேளை வந்தீங்க” என்றார். ஊசி போட்டார்கள், மருந்து ஏற்றினார்கள். இறுக்கம் மட்டுப்பட்டிருக்கிறது. எழுந்து உட்காரக்கூட விடுவதில்லை. குழந்தை உதைக்கிறது. நல்ல உதை.

பயமாக இருக்கிறது பாணி. உன்னிடம்தான் சொல்ல முடிகிறது. மாமாவிடம் சொன்னால் அவரும் பயப்படுவார்.

அக்கா


சென்னை
30-10-1985

அன்புள்ள அக்காவுக்கு,

தந்தி கொடுத்த நாளிலிருந்து உன் கடிதம் வரும்வரை எனக்கு இருந்ததும் பயம்தான். என் கணக்குப் பொய்யாகிப் போக வேண்டும், நீ ஒன்றுமில்லாமல் வீட்டுக்குத் திரும்பி என்னைத் திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

உனக்கு ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். உன் கடைசி டேப்பில் தெரிந்ததுபோன்ற வேகமான அலைகள் இங்கே வார்டில் சில பெண்களுக்கும் தெரிந்தன. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்குப் போய்விட்டார்கள். உன் விஷயத்தில் பொருந்தியது. அதற்காக என் முறை நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. உன்னைக் காப்பாற்றியது உன்னைச் சோதித்துப் பார்த்த அந்தக் கை.

நான் வந்து பார்க்கலாமா? வார்டுக்கு வெளியே நின்றாலும் போதும்.

பாணி


சேலம், ஆஸ்பத்திரி
6-11-1985

தம்பிக்கு,

நிரூபணம் உனக்கு வேண்டும். எனக்குப் பிள்ளை போதும்.

வரலாமா என்று கேட்டாய். மாமா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் கேட்டு அவர் சரி என்றால் அது படுத்துக் கிடக்கும் எனக்காகச் சொன்னதாக இருக்கும். அவருக்கே தோன்ற வேண்டும். கோபித்துக்கொள்ளாதே. உன்னைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

இங்கே நாள் போவதே தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு நாளும் போவது தெரிகிறது. ஒவ்வொன்றும் எங்களுக்கு வரவு என்கிறார் டாக்டரம்மா.

அக்கா


சேலம், ஆஸ்பத்திரி
5-12-1985

தம்பிக்கு,

பெண் குழந்தை. முந்தாநாள் காலை. ஒன்பதாம் மாதம் தொடங்கிய பிறகு வலி வந்தது. இனி நிறுத்த வேண்டாம், வரட்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பிறந்தவுடன் அழவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியாது. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அப்புறம் நிறுத்தவே இல்லை.

மாமா கையில் கொடுத்தார்கள். அவர் பிள்ளையைப் பிடிக்கத் தெரியாமல் தறிக்குப் போடும் பாவு நூல் கட்டைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் நீட்டி வைத்துக்கொண்டு நின்றார். பால் குடிக்கச் சோம்பேறித்தனம் செய்கிறாள். பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறோம். இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்க வேண்டும்.

நீ மாமனாகிவிட்டாய்.

அக்கா


சென்னை
14-12-1985

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அன்று முழுக்க அந்தச் சந்தோஷத்தில்தான் இருந்தேன். சந்தோஷமாகவே இந்தக் கடிதத்தையும் முடிக்க நினைத்தேன். முடியவில்லை.

போன வாரம் வார்டில் ஒரு பெண்ணுக்குப் பதிவு எடுத்தேன். உன்னைப் போலவே ஏழாம் மாதம். அலைகள் மெதுவாக, அமைதியாக இருந்தன. இவருக்குப் பயமில்லை என்று என் நோட்டில் எழுதினேன். மறுநாள் காலையில் பிரசவமாகிவிட்டது. குழந்தை தங்கவில்லை. டாக்டர்கள் என் அலைக்கோட்டைப் பார்த்து எதையும் முடிவு செய்வதில்லை, செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். என்மேல் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பயமில்லை என்று எழுதியது என் கைதானே.

இதை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். ரேடியோ, டெலிவிஷன் கம்பெனிகளில் வேலை இருக்கிறது. அங்கே கணக்குத் தவறினால் படம் தெரியாது, அவ்வளவுதான்.

பாணி


வெண்ணந்தூர்
27-12-1985

அன்புள்ள தம்பி பாணிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம். குழந்தை இப்போது இழுத்துக் குடிக்கிறாள். தறி ஓடும்போது தூங்குகிறாள், நின்றால் விழித்துக்கொண்டு அழுகிறாள்.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது என்று நினைத்தால் மன்னித்துக்கொள்.

அந்தப் பெண்ணின் பெயர் என்ன? நீ எழுதவில்லை. வார்டில் இன்னும் இருக்கிறாளா? இருந்தால் போய்ப் பார். ஒன்றும் பேச வேண்டாம், பேசத் தோன்றாது. பழம் ஏதாவது வாங்கிக்கொண்டு போய், அவள் வீட்டுக்காரர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வா. எங்களுக்கு அன்றைக்கு அப்படி ஒருவர் வேண்டியிருந்தது. அது யாருக்கும் கஷ்டமான காரியமில்லை, ஆனால் யாரும் செய்வதில்லை.

வேலையை விடுவது உன் இஷ்டம். ஆனால் இதைக் கேட்டுவிட்டு முடிவு செய். செல்லாயிக்கு இது நாலாம் மாதம். அவளும் முன்னே ஒன்றைப் பறிகொடுத்தவள். நேற்று வந்து, “அந்தக் கத்தற பொட்டிய எனக்கும் வெப்பீங்களாக்கா?” என்று கேட்டாள். அது சில நேரம் தப்பாகவும் சொல்லும் என்று சொன்னேன். உன் கடிதத்தில் இருந்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, “பரவால்லீங்க. அது சொல்றதோட டாக்டரம்மாவும் பாக்கட்டும். ஒருத்தருக்கு ரெண்டு பேரா என்னையப் பாத்துக்கிட்டா நல்லதுதானுங்க” என்றாள். அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போக நாள் குறித்திருக்கிறோம்.

மாமா உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். சாயங்காலம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தானாகவே பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் நான் சேர்க்கவில்லை.

“அன்னைக்கு ஆஸ்பத்திரில அவன் கேட்டது தப்புத்தான். ஆனா என்ற அக்காளா இருந்து, நான் அந்த எடத்துல நின்னிருந்தா, நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். இப்ப அவனே அவனக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கான் பாரு. அங்க தனியா இருந்தா அதையேதான் நெனச்சுக்கிட்டு இருப்பான். பொங்கலுக்கு வரச் சொல்லு. புதுப் பொட்டி செஞ்சுக்கிட்டு வரட்டும், சும்மா வரட்டும், அவன் இஷ்டம். புள்ளையப் பாத்துட்டு ஒடனே பஸ் ஏறறேன்னு மட்டும் சொல்லக் கூடாது. நாலு நாள் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்.”

அக்கா
சாரதாமணி